வாசகர் கேள்வி பதில்: ஸ்கீ கிராஸ் வீராங்கனை ஆக முடியுமா?

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறாள். தொலைக்காட்சியில் ஸ்கீ கிராஸ் பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து, பெரியவளானதும் அதில்தான் இறங்குவேன் என்கிறாள். அதை நம்பி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா?
– வாசகி ஒருவர், ஏற்காடு

பதில்: முடியும். ஆனால் ஏற்காட்டில் இருந்துகொண்டே முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2010ஆம் ஆண்டு வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட இந்தப் பனிச்சறுக்குப் பந்தயத்தில், நான்கு பேர் ஒரே நேரத்தில் புறப்பட்டு, மேடுகளும் தாவல்களும் சாய்வாகக் கட்டிய வளைவுகளும் நிறைந்த பனித்தடத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் பாய்ந்து இறங்குகிறார்கள். முதல் இருவருக்கு மட்டுமே அடுத்த சுற்று. முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னே காற்றின் தடை குறைவதால், பின்தொடர்பவர் அங்கே வேகம் சேர்த்துக்கொண்டு வளைவில் முந்தப் பார்ப்பார். அந்த நெருக்கத்தில் உரசல் நேரத்தான் செய்யும். வேண்டுமென்றே இடித்ததாக நடுவர்கள் கருதினால் தண்டனை உண்டு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மூன்றாவதாக வந்த சுவிட்சர்லாந்தின் ஃபேனி ஸ்மித் அப்படித்தான் மஞ்சள் அட்டை பெற்று நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். மேல்முறையீடுகளுக்குப் பிறகு, அவ்வாண்டின் இறுதியில், அவருக்கும், அவர் தள்ளப்பட்டதால் மூன்றாம் இடத்துக்கு உயர்ந்திருந்த ஜெர்மனியின் டேனியலா மையருக்கும் வெண்கலம் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதில் புகழ்பெற்றவர்களில் பெரும்பாலோர் சிறுவயதில் ஆல்பைன் பனிச்சறுக்கில், அதாவது மலைச்சரிவில் ஒவ்வொருவராகக் கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும் போட்டியில், தேறிய பிறகே இங்கு வந்தவர்கள். காயத்துக்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். கனடாவின் பிரேடி லெமன் 2010இல் பயிற்சியின்போது கால் முறிந்து களமிறங்க முடியாமல் போனார். 2014இல் நான்காம் இடத்தோடு திரும்பினார். 2018இல்தான் தங்கம் வென்றார். அந்த எட்டு ஆண்டுகளை உங்கள் மகளுக்கு அவசியம் சொல்லுங்கள். தங்கத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

வருமானத்தைப் பொறுத்தவரை, பிரான்சில் சுங்கத் துறையும் ஜெர்மனியில் கூட்டரசுக் காவல்துறையும் குளிர்கால விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்து ஆதரிக்கின்றன. நம் நாட்டில் ராணுவத்திலும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலும் பனிச்சறுக்கு வீரர்கள் இருக்கிறார்கள். பனியே விழாத குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா, நெடுந்தூரப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்காகப் போட்டியிடுகிறார் என்பது உங்கள் மகளுக்குத் தெம்பூட்டும் செய்தி.

உங்களுக்கு உண்மையான சிக்கல் பள்ளி நாட்காட்டியில்தான் வரும். காஷ்மீரின் குல்மார்க்கிலும் உத்தராகண்டின் ஆவ்லியிலும் பனி நன்றாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. நம் பிள்ளைகளுக்கு அதுவே முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் காலம். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பயிற்சி நிறுவனத்தில் ஒரு தொடக்க வகுப்புக்கு அனுப்பிப் பார்க்க நினைத்தால், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி விடுப்புக்கு வழிசெய்துகொள்ளுங்கள். பனியில் நின்ற பிறகும் ஆசை குறையாவிட்டால், அதன்பின் பெரிய செலவைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: சேலத்தில் இருந்தபடியே ஸ்கீ கிராஸுக்கு என்ன பயிற்சி செய்யலாம்?
– பள்ளி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: பந்தயம் தொடங்கும்போது இரு கைகளாலும் உடலை முன்னே இழுத்துப் பாய வேண்டியிருப்பதால் தோளுக்கும் முதுகுக்கும் வலு வேண்டும், மேடுகளில் முழங்காலை மடக்கி நீட்ட, தொடையில் வலு வேண்டும். இரண்டையும் உடற்பயிற்சி ஆசிரியரின் மேற்பார்வையில் இங்கேயே வளர்க்கலாம். சரிவில் பழகும் ஆசையில், பேருந்துகள் ஏறி இறங்கும் ஏற்காடு மலைப்பாதையில் மட்டும் ஒருபோதும் ஸ்கேட்டிங் செய்யாதீர்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது.