முதல் இடமா, வாசல் பக்கமா?

அன்புள்ள ஐயா,

தி.நகருக்குக் காரில் போகும்போதெல்லாம் எனக்கும் மனைவிக்கும் சண்டை. கொஞ்சம் தள்ளி ஓர் இடம் காலியாக இருந்தால் ‘இங்கேயே போட்டுருங்க’ என்பாள். கடைப் பக்கத்திலேயே கிடைக்கும் என்று நான் போவேன். கிடைக்காமல் சுற்றித் திரும்பினால் அந்த இடமும் போயிருக்கும். போன வாரம் வேறு வழியில்லாமல் பிளாட்பாரத்தில் பாதி ஏற்றி நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டேன். கணக்குப்படி எது சரி? காலி இடம் காட்டும் ஆப்பை நம்பலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கணக்கு இருக்கிறது. கிராபிவ்ஸ்கி, ரெட்னர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 2019இல் இதை ஆராய்ந்தார்கள். கடை வாசலை நோக்கி ஒரே வரிசையாகக் கார்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் முதலாவதைப் பார்த்ததுமே அதன் பின்னால் நிறுத்துகிறவர் ஒருவர். வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் இன்னொருவர். வழியில் தென்படும் முதல் இடைவெளியில் நுழைந்துவிடுகிறவர் மூன்றாமவர். ஓட்டும் தூரத்தையும் நடக்கும் தூரத்தையும் கூட்டினால் மூன்றாமவர் கொஞ்சம் முந்துகிறார், இரண்டாமவரான நீங்கள் சற்றுப் பின்னால். முதலாமவர் பாடுதான் மோசம். அதிலும், ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போடுவது அந்தக் கணக்கில் இல்லை. தி.நகரில் அதுதானே நடக்கிறது? நீங்கள் விட்டுப் போன இடத்தை அடுத்தவர் பிடித்துவிடுகிறார். ஆக, உங்கள் மனைவி சொல்வது சரி. ஆப்பை விடுங்கள், அது காட்டும் இடம் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் போய்விடும்.

ஆனால் அந்தப் பிளாட்பாரத்தை என்னால் விட முடியவில்லை. பத்து நிமிடம்தான் என்று எழுதுகிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் யாரெல்லாம் ரோட்டில் இறங்கி நடந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் முட்டி வலி. உஸ்மான் சாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். பிளாட்பாரத்தில் ஒரு கார் நின்றால் போதும், கீழே இறங்க வேண்டும், காரைச் சுற்ற வேண்டும், மறுபடி ஏற வேண்டும். ஏறுவதுதான் கொடுமை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். ‘நான்தான் மெதுவா நடக்கறேன்’ என்பாளே தவிர கார்க்காரரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் காரை நிறுத்தியவரும் பத்து நிமிடம் என்றுதான் நினைத்திருப்பார். நீங்கள் நல்ல மனிதர், உங்கள் கடிதத்திலேயே அது தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்: செய்யாதீர்கள்.

நீங்கள் சுற்றுவதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை மட்டுமல்ல. தெருவோரம் நிறுத்துவது மலிவு, அதனால் எல்லாருக்கும் அதுவே வேண்டும். வாகன நிறுத்தத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர், 2025இல் மறைந்த டொனால்ட் ஷூப், வாழ்நாள் முழுக்க இதைத்தான் சொன்னார். லாஸ் ஏஞ்சலஸில் தன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் கடைவீதியில் அவர் பார்த்தபோது, ஒருவர் இடம் தேடிச் சுற்றியது சராசரியாக 3.3 நிமிடம்தான். எல்லாரும் சுற்றியதைக் கூட்டினால் ஆண்டுக்கு 9,50,000 மைல்! ஒரு சின்னக் கடைவீதியில். தெருவுக்குத் தெரு ஒன்றிரண்டு இடம் எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணம் வையுங்கள் என்றார் அவர். சான் பிரான்சிஸ்கோ 2011 முதல் தேவைக்கேற்பக் கட்டணத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தது. இங்கே அப்படிப் பேசினால் ஏழைக்கு விரோதம் என்று சண்டைக்கு வருகிறார்கள். தி.நகருக்குக் காரில் வருகிறவரா ஏழை? பஸ்ஸில் வந்து, பிளாட்பாரம் இல்லாமல் ரோட்டில் நடக்கிறவர் கண்ணிலேயே படவில்லையா? 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியபோதும் எனக்குத் தெரிந்தவர்கள் முதலில் கேட்டது ‘அப்போ கார் எங்கே விடுறது?’ என்றுதான்.

தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் பல மாடி நிறுத்துமிடம் இருக்கிறது. காசு கொடுத்து அங்கே விட்டுவிட்டு நடங்கள். தீபாவளி நெருக்கத்தில் காரே வேண்டாம். மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு ஸ்டேஷனை ஒட்டியே தொடங்குகிறது. அங்கிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023இல் திறந்த ஆகாய நடைபாதையும் இருக்கிறது.