பிரீமியர் லீக் அட்டவணை நம் அணிக்குக் கடினமா, எளிதா: எப்படிக் கணிப்பது?

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியில் ஒன்று என 38 ஆட்டம் ஆடியே ஆக வேண்டும். ஆக, எதிரணிகள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றுதான்; வித்தியாசம் வரிசையிலும் ஓய்விலும்தான்.

முதலில், சில அணிகள் லீக்கோடு சேர்த்து ஆடும் ஐரோப்பியப் போட்டிகளைப் பாருங்கள். வியாழன் இரவு யூரோப்பா லீக்கில் வெளிநாட்டில் ஆடிவிட்டு ஞாயிறு களமிறங்கினால், வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்து வரும் நடுத்தர அணிகூடத் தலைவலிதான். அப்புறம் டிசம்பர் கடைசியில் ஆட்டங்கள் அடுத்தடுத்து வரும் நெரிசல்.

போன பருவத்துப் புள்ளிப் பட்டியலை வைத்து எடைபோடுவதை நான் பெரிதாக நம்புவதில்லை. 2014-15இல் செல்சி சாம்பியன், லெஸ்டர் 14ஆம் இடம். அடுத்த பருவமே லெஸ்டர் கோப்பையைத் தூக்கியது. செல்சி 10ஆம் இடத்துக்குச் சரிந்தது. அந்தப் பருவத்தில் லெஸ்டருக்கு ஐரோப்பிய ஆட்டமே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.