புடாபெஸ்ட் கோட்டைப் பகுதியில் வீட்டுச் சாப்பாடு: எதைக் கேட்டு வாங்குவது?

வணக்கம். புடாபெஸ்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோட்டைப் பகுதியில் ஹங்கேரிய வீட்டுச் சமையல் போடும் சின்ன உணவகம் ஒன்றில் குடும்பமாகச் சாப்பிட ஆசை, மனைவி முட்டையும் தொடாத சைவம், நீங்கள் கோழியும் மீனும் மட்டும், என்ன கேட்டு வாங்குவது என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் "இதில் கறி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஏமாந்துவிடுவீர்கள். இந்த ஊர்ப் பழைய பாணிச் சமையலில் வெங்காயம் வதங்குவதே பன்றிக்கொழுப்பில்தான். அதற்குப் பெயர் ஷீர். கோழிக்குழம்புக்கும் அதுதான், காய்கறிக்கும் பல சமையலறைகளில் அதுதான். அதனால் நீங்கள் இருவருமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "வான் பென்னெ ஷெர்தேஷ்ஷீர்?" பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று அர்த்தம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். "நேல்க்யூல்" என்றால் "இல்லாமல்". மேலே வைப்பதை இந்தச் சொல் தடுக்கும், பானைக்குள் போனதைத் தடுக்காது. மதியச் சாப்பாடு காலையிலேயே பெரிய பாத்திரத்தில் வெந்து முடிந்திருக்கும். பன்னிரண்டு மணிக்குப் போய்க் கொழுப்பு வேண்டாம் என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. முந்தின நாளே போன் செய்து எண்ணெயில் சமைக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். சின்ன இடங்களில் சமைப்பவரிடமே விசாரித்துப் பதில் சொல்வார்கள்.

மெனுவைப் படிக்க ஒரு வழி: எஸ் எழுத்து வந்தால் "ஷ", எஸ்ஸும் இசட்டும் சேர்ந்து வந்தால் "ஸ". இனி பண்டங்கள். குயாஷ் என்பது சூப், பெரும்பாலும் மாட்டிறைச்சி போட்டது. வெளிநாடுகளில் அந்தப் பெயரில் விற்கும் கெட்டிக் குழம்புக்கு இங்கே பெயர் போர்கோல்ட். இரண்டையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஏற்றது பப்ரிகாஷ் சிர்கெ. பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த்தூளும் தெய்ஃபோல் என்ற புளித்த பாலாடையும் சேர்ந்த கோழிக்குழம்பு அது. கூடவே நொகெட்லி என்ற குட்டி மாவு உருண்டை வரும், அதில் முட்டை உண்டு. மீன் வேண்டுமானால் ஹாலாஸ்லே, கெண்டை மீன் போட்ட சிவப்புச் சூப். முள் நிறைய இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கவனம்.

உங்கள் மனைவிக்குத்தான் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும். சைவம் என்று எழுதியிருக்கும் ரான்தோத் வகைகளில், அதாவது ரொட்டித்தூள் புரட்டிப் பொரித்த சீஸ், காளான் ஆகியவற்றில், தூள் ஒட்டுவதற்கே முட்டையில்தான் தோய்ப்பார்கள். கறி பொரித்த அதே எண்ணெயில் இவையும் பொரியலாம். தூரோஷ் ச்சுஸா பாலாடைக்கட்டி போட்ட பாஸ்தாதான், ஆனால் மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் தூவித் தருவார்கள்; பாஸ்தா மாவிலும் முட்டை இருப்பது வழக்கம். பாப்லெவெஷ் என்ற பீன்ஸ் சூப்பில் புகைபோட்ட பன்றிக்கால் வெந்திருக்கும். ஃபோஸெலேக் நம் கூட்டுக்குக் கிட்டத்தட்ட சொந்தம்: உருளை, பட்டாணி, கீரை என்று ஒரு காயை வேகவைத்து மாவு போட்டுக் கெட்டியாக்குவது. எண்ணெயில் செய்ததா, கறிச்சாறு ஊற்றியதா என்று உறுதி செய்துகொண்டு, "ஃபெல்தேத் நேல்க்யூல்" என்று சொல்லி வாங்குங்கள். சொல்லாவிட்டால் மேலே பொரித்த முட்டையோ கறித்துண்டோ உட்கார்ந்து வரும். கோடையில் புளிப்புச் செர்ரியில் செய்த குளிர்ந்த சூப் கிடைக்கும். பட்டை, கிராம்பு வாசனையோடு இனிப்பாக இருக்கும், சாப்பாட்டின் தொடக்கத்தில் குடிப்பது.

காரம் போதாது என்று நிச்சயம் தோன்றும். எரோஷ் பிஷ்தா கேளுங்கள், உப்புப் போட்டு அரைத்த மிளகாய் விழுது. கோடையில் கோவாசோஷ் உபோர்கா இருந்தால் விடாதீர்கள்: கீறிய வெள்ளரிக்காய், சோயிக்கீரை, பூண்டு, உப்புத் தண்ணீர், மேலே ஒரு துண்டு ரொட்டி, கண்ணாடி ஜாடியில் மூன்று நான்கு நாள் வெயில். நம் வீட்டு மொட்டைமாடி ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வரும்.

மத்தியாஸ் தேவாலயத்தைச் சுற்றிப் பல மொழிப் பலகையோடு வாசலில் நின்று கூப்பிடும் இடங்களைத் தாண்டிப் போங்கள். ஹங்கேரிய மொழியில் அன்றைய சாப்பாட்டை எழுதி வைத்திருக்கும் இடமே நல்ல அடையாளம். வேலை நாள் மதியம் சூப்பும் ஒரு பண்டமும் சேர்ந்த தினச் சாப்பாடு தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு, பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். நேரமாக ஆக நல்லது தீர்ந்துபோகும். கோட்டைக்குத் தெயாக் ஃபெரென்ட்ஸ் சதுக்கத்திலிருந்து 16-ஆம் எண் பஸ் ஏறலாம்.

பணம் கொடுக்கும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. 9,200 ஃபோரிந்த் பில்லுக்கு 20,000 நோட்டை நீட்டி "கோஸோனோம்", அதாவது நன்றி, என்று சொன்னால் மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றே பொருள்படும். டிப்ஸ் சேர்த்து எவ்வளவு எடுக்க வேண்டுமோ அதைச் சொல்லுங்கள், உதாரணமாக 10,000. மீதி கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்கள். பில்லில் "செர்வீஸ்தீய்" என்ற வரி இருந்தால் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, தனியாக டிப்ஸ் வேண்டாம். இல்லாவிட்டால் பத்து சதவீதம் முறை.

கொழுப்பு பற்றிய சந்தேகமே வேண்டாம் என்றால் கோழிக்குழம்பை வீட்டிலேயே வையுங்கள். ஒரு கிலோ கோழித்தொடை, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு பாப்ரிகா போட்டுக் கிளறி, உடனே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். நம்மவர்கள் தவறுவது இங்கேதான். மிளகாய்ப்பொடியைப் பச்சை வாசனை போக வதக்குவது போல இதை வதக்கினால், இதிலுள்ள சர்க்கரை கருகி, குழம்பு பழுப்பு நிறமாகிக் கசக்கும். பிறகு சரிசெய்ய வழியில்லை. கோழி, உப்பு சேர்த்து மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். கடைசியில் 200 கிராம் தெய்ஃபோலில் ஒரு மேசைக்கரண்டி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, இரண்டு கரண்டி சூடான குழம்பை அதில் விட்டுக் கலக்கிய பிறகே சட்டியில் சேருங்கள். நேராக ஊற்றினால் திரிந்துவிடும்.