வாசகர் கேள்வி: மசாஜில் தனிப் பாணி

கேள்வி (கோத்தகிரி வாசகி): மசாஜ் பயிற்சி முடித்துவிட்டேன். பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் வகுப்பில் சொன்ன வரிசைப்படியே செய்கிறேன். எனக்கென்று ஒரு முறை அமையவில்லை. என் கட்டைவிரலும் வலிக்கிறது.

பதில்: கட்டைவிரலை முதலில் கவனியுங்கள். விரல் நுனியாலேயே அழுத்தினால் அதன் அடிமூட்டு கெட்டுப்போகும். பலர் தொழிலை விடுவதே இதனால்தான். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல்முட்டி மேசையைத் தொட வேண்டும். மேசை அதைவிட உயர்ந்தால் உடல் எடை இறங்காது, தோள் பலத்தால் தள்ளுவீர்கள். ஒரு காலை முன்வைத்துச் சாயுங்கள். முதுகுக்கும் தொடைக்கும் முன்கை போதும். கட்டைவிரல் சிறு இடங்களுக்கு மட்டும், அதுவும் இன்னொரு கை மேலே தாங்க.

புதுப் பிடிகளைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று 9 வகை உண்டு. அழுத்தல், பிடித்தல், இழுத்தல், அசைத்தல் என்ற நான்கை நன்றாகப் பழகினாலே நிறையச் செய்யலாம். எதை முதலில், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் என்பதில்தான் பாணி இருக்கிறது. அதை வகுப்பு தராது, வந்து படுப்பவர்தான் தருவார்.

எண்ணெயைத் தொடும் முன், பறிக்கிற மாதிரியே கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். தோள் வலிக்கிறது என்பார்கள். ஆனால் விரல்களை ஓயாமல் இயக்குவதால் முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் வெளிப்புறத் தசையும் இறுகியிருக்கலாம். அப்படியிருந்தால் அங்கே தொடங்குங்கள். கைக்கு 5 நிமிடம், பிறகு தோள், கடைசியில் பிடரி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஓர் இழுப்பு, அவர் ஒருமுறை மூச்சுவிடும் நேரம். அழுத்தம் 10க்கு 6 என்று அவர் சொன்னால் போதும். மூச்சைப் பிடித்தால், கால்விரலைச் சுருக்கினால் அதிகமாகிவிட்டது. வலிக்கும் ஒரே இடத்தில் வெகுநேரம் குடைந்தால் மறுநாள் கன்றிப்போகும்.

யாருக்கு என்ன செய்தீர்கள், அடுத்த முறை வந்து என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதி வையுங்கள். சில மாதம் கழித்துப் புரட்டினால் உங்கள் கை எதை நாடுகிறது என்று தெரியும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தொடாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், பிசைந்தால் நுரையீரலுக்குப் போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். முன்கழுத்தை அழுத்துவதும், கழுத்தைச் சொடுக்குவதும் கூடவே கூடாது.

கேள்வி (ஊட்டி வாசகர்): குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிறது. நீலகிரித் தைலத்தை அப்படியே தேய்க்கலாமா?

பதில்: கூடாது, தோல் எரியும். 100 மில்லி நல்லெண்ணெயில் 2 மில்லி போதும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும். நல்லெண்ணெய் ஊட்டிக் குளிரிலும் ஓடும். பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் 5 நிமிடம் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தேய்க்கும் இடம் தவிர மற்றதைக் கம்பளியால் மூடிவிடுங்கள்; நடுங்குகிற தசை எந்தக் கைக்கும் இளகாது.

குழந்தைகளின் முகத்தருகே இந்தத் தைலம் வேண்டாம். விண்டர்கிரீன் தைலத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அதைத் தேய்க்கவே கூடாது.