பயிற்சி பெற்றவர்களை எண்ணினால் பலன் தெரிந்துவிடுமா?

கேள்வி: வளரும் நாடு ஒன்றில், வெளிநாட்டு நிதியில் மூன்றாண்டுகள் நடந்த வேளாண் பயிற்சி, ஆராய்ச்சித் திட்டத்தை மதிப்பிடும் குழுவில் இருக்கிறேன். இத்தனை உழவர்களுக்குப் பயிற்சி, இத்தனை ஆய்வுக் கட்டுரைகள் என்று அறிக்கை அடுக்குகிறது. உண்மையில் பலன் கிடைத்ததா என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: அந்த எண்ணிக்கை, வேலை நடந்ததற்குச் சான்று, பலன் கிடைத்ததற்கு அல்ல. திட்டமே வராமல் இருந்திருந்தால் அந்த உழவர்கள் இன்று எப்படி இருந்திருப்பார்கள்? முதலில் இதைக் கேளுங்கள்.

கென்யாவில் உலக வங்கிக் கடனில் 1980-களில் தொடங்கிய விரிவாக்கப் பணியை, அதாவது அலுவலர்கள் புதிய முறைகளை உழவர்களிடம் கொண்டுசேர்க்கும் பணியை, பாருங்கள். அதன் முதல் ஆய்வு, போட்ட பணத்துக்கு மிக அதிக ஆதாயம் கிடைத்ததாகச் சொன்னது. பின்னர் அதே தரவுகளில் இருந்த பிழைகளைத் திருத்தி, மாவட்டங்களுக்கு இடையிலான வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. நல்ல மண்ணும் மழையும் உள்ள பகுதியில் மகசூல் எப்படியும் கூடுதலாகத்தான் இருக்கும். அந்தப் பெருமையைப் பயிற்சிக்குக் கொடுத்துவிடக் கூடாது.

உங்கள் திட்டத்திலும் சாலையோரக் கிராமங்களும் வசதியுள்ள உழவர்களுமே முதலில் சேர்க்கப்பட்டிருக்கலாம். ஆகவே பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். திட்டத்தில் சேரக் காத்திருந்த கிராமங்கள், அல்லது கடைசி ஆண்டில் சேர்ந்தவை இருந்தால், ஒப்பீட்டுக்கு அவையே ஏற்றவை. திட்டத்துக்கு முந்தைய நிலையைப் பதிவு செய்த கணக்கெடுப்பு இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

பிறகு வயலில் இறங்குங்கள். பூச்சி மேலாண்மைப் பயிற்சி பெற்றவரிடம், பயிரில் இருக்கும் சிலந்தி நன்மை செய்வதா, தீமை செய்வதா என்று கேளுங்கள். கடைசியாக எப்போது மருந்து அடித்தார், எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்றும் கேளுங்கள். வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து சொல்லாததை அந்தப் பதில் சொல்லிவிடும். பக்கத்து வயல்காரரையும் விடாதீர்கள். இந்தோனேசியாவில் 1989-இல் தொடங்கிய, வயலிலேயே பூச்சி மேலாண்மை கற்பிக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிகளை 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அலசியது. பயிற்சி பெற்றவர்களிடமும் சரி, அக்கம்பக்கத்து உழவர்களிடமும் சரி, மகசூலிலோ பூச்சிமருந்துப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றத்தை அது காணவில்லை. ஒருவர் கற்றது ஊருக்கெல்லாம் தானாகப் பரவும் என்பது திட்டம் தீட்டுவோரின் நம்பிக்கை. அதை நேரில் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

ஆராய்ச்சியை இதே கோலால் அளப்பது அநியாயம். புதிய ரகம் உருவாகி வயலுக்கு வந்து பரவப் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஆகும். ஆப்பிரிக்காவின் மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, பராகுவேயிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவியை ஆய்வாளர்கள் 1981-இல் நைஜீரியாவில் விட்டார்கள். பின்னர் வேறு பல நாடுகளிலும் விடப்பட்ட அது பரவிப் பூச்சியை அடக்கியது. உழவர் யாரும் வகுப்புக்கு வரவேண்டியிருக்கவில்லை. பயிற்சிக் கணக்கில் பூஜ்யமாக நிற்கும் அந்த வேலைதான் கோடிக்கணக்கானோரின் உணவைக் காத்தது. ஆகவே ஆராய்ச்சிப் பகுதியில் மகசூலைத் தேடாமல், விதைச் சேகரிப்பு பராமரிக்கப்படுகிறதா, வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள் திரும்பி வந்து அதே துறையில் இருக்கிறார்களா, ஆய்வகச் செலவு அந்நாட்டு அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். கொடையாளர் போன மறுமாதம் சம்பளம் நின்றுவிடும் நிலையம் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருந்தாலும் எனக்குக் கவலைதான்.

உங்கள் பரிந்துரையில், ஐந்தாண்டு கழித்து ஒரு மறுஆய்வையும் அதற்கான தனி நிதியையும் இப்போதே எழுதிச் சேர்த்துவிடுங்கள். கணக்கை முடித்த பிறகு அந்தப் பணம் கிடைப்பது அரிது.