ஓஹையோ கரையில் ஒரு சனி, ஞாயிறு

கேள்வி: மகன் அமெரிக்காவில் கொலம்பஸில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். ஒரு வாரக்கடைசியில் சின்சினாட்டி கூட்டிப்போகிறேன் என்கிறான். அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கால் ஒத்துழைத்தால் நிறைய இருக்கிறது. காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போனதும் முதல் வேலையாக ஓஹையோ ஆற்றின் மேல் இருக்கிற ரோப்ளிங் தொங்குபாலத்தில் நடங்கள். 1866-ல் திறந்தபோது உலகிலேயே நீளமான தொங்குபாலம் அதுதான். தூணுக்குத் தூண் 1,057 அடி. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த அதே ஜான் ரோப்ளிங் கட்டியது. தளம் இரும்புக் கிராதி என்பதால் கார் போகும்போதெல்லாம் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். என்னைக் கேட்டால், அந்தச் சத்தத்துக்காகவே போகலாம். அக்கரையில் கால் வைத்தால் கென்டக்கி. மாநிலம் விட்டு மாநிலம் நடந்தே போனோம் என்று ஊரில் அளக்கலாம்!

இக்கரையில் ஸ்மேல் பூங்கா. ஆற்றைப் பார்த்தபடி பெரிய ஊஞ்சல்கள் போட்டிருக்கிறார்கள். மாலையில் கூட்டம் வரும். மகனை முன்னாடியே அனுப்பி இடம் பிடியுங்கள்.

காலையில் ஃபிண்ட்லே மார்க்கெட். 1855-லிருந்து நடக்கிற சந்தை.

சாப்பாட்டில் மட்டும் கவனம். ஊரின் பெருமை 'சின்சினாட்டி சில்லி': ஸ்பகெட்டி மேல் பட்டை வாசனையோடு மாட்டுக்கறிக் குழம்பு, அதன்மேல் துருவிய சீஸ் குன்று. சைவமென்றால் நேராக கிரேட்டர்ஸ் ஐஸ்கிரீம் கடைக்குப் போங்கள், 1870-லிருந்து இருக்கிறது. பிளாக் ராஸ்பெர்ரியில் கட்டி கட்டியாய் சாக்லேட் கிடைக்கும். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்றால் அவர் பங்கும் உங்களுக்கே.