ரிவர்ஸ் விழுகிறது, விளக்கு எரியவில்லை

கேள்வி: எங்கள் ஐயா ஆசையாக வாங்கி, அப்பத்தா ஒருநாளும் ஏற மறுத்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4, 1972 மாடல். கியர் ராடு குழம்புச் சட்டியில் போட்ட கரண்டி மாதிரி ஆடுகிறது. ரிவர்ஸ் ஒரு தடவை விழுகிறது, மறு தடவை கர்ரென்று கத்தித் தள்ளிவிடுகிறது. ரிவர்ஸ் விளக்கும் எப்போதாவதுதான் எரிகிறது. காரைக்குடி மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார், எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இப்போதைக்கு ரெண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். நீங்கள் ரெண்டு கோளாறாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது ஒன்றாகத்தான் தெரிகிறது.

ராடு ஆடாமல் பிடித்துக்கொள்ள அதற்குக் கீழே இருக்கும் ரப்பர், நைலான் வளையங்கள், அதாவது புஷ்கள், ஐம்பது வருஷ வெயிலில் நொறுங்கிப் போயிருக்கும். நீங்கள் ராடை முழுசாகத் தள்ளினாலும் பாதி அசைவு புஷ் நொறுங்கிய இடைவெளியிலேயே தீர்ந்துவிடுவதால் உள்ளே கியர் அரைகுறையாகத்தான் சேர்கிறது. ரிவர்ஸ் சேரும்போது அழுந்த வேண்டிய குட்டி பிளஞ்சர் சுவிட்சும் அதனால் அரைகுறையாகத்தான் அழுந்துகிறது. விளக்கு தோன்றியபோது மட்டும் எரிவது அதனால்தான்.

முதலில் கிளட்ச் மேல் பழி இல்லை என்று பார்த்துவிடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் ராடு, புஷ் விவகாரம். அணைத்தால் வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் கத்தினால், கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளுவது) கசிகிறதா, ஆயில் குறைந்து குழாயில் காத்து ஏறியிருக்கிறதா, பெடலைக் கோக்கும் பின் தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிட்டதா என்று பாருங்கள். இந்தக் கடைசி விஷயத்தை யாருமே பார்ப்பதில்லை, பெடல் பாதி தூரம் சும்மாவே போய்வரும். இன்னொன்று, மார்க் 4-இல் முன்னால் போகும் நாலு கியருக்கும் சின்க்ரோ (பற்கள் சேருமுன் வேகத்தைச் சமப்படுத்தி, கத்தாமல் விழவைப்பது) உண்டு, ரிவர்ஸுக்குக் கிடையாது. கிளட்சை மிதித்து மூணு நாலு விநாடி பொறுத்து, ஏதாவது ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பாதிச் சத்தம் அதிலேயே போய்விடும்.

புஷ் மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. இந்தக் காரில் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் அட்டை மாதிரியான கவரைக் கழற்றினால் எல்லாம் மேலிருந்தே கைக்கு எட்டும். புஷ் செட் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், இல்லாவிட்டால் பழசை அளவுக்குக் கொடுத்து நைலானில் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கலாம். ஸ்பிட்ஃபயர் பிறந்ததே டிரையம்பின் இன்னொரு காரான ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்துதான். அந்த ஹெரால்டை 1961 முதல் நம் சென்னையிலேயே செய்தார்கள். அதனால் பழைய ஹெரால்டு மெக்கானிக் யாராவது ஊரில் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், கை தானாகப் போகும். ஆனால் பழைய ஹெரால்டு பாக்ஸில் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது, ஆகவே உள்பாகங்களை "எல்லாம் ஒன்னுதான்" என்று மாட்ட விடாதீர்கள்.

கவர் கழன்றிருக்கும்போதே விளக்கையும் முடித்துவிடுங்கள். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். சுவிட்சுக்கு ரெண்டு வயர் வரும்: பச்சை, கரண்ட் கொண்டுவருவது, பழுப்புக் கோடு போட்ட பச்சை, விளக்குக்குப் போவது. ரெண்டையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவையுங்கள். விளக்கு எரிந்தால் வயரிங் நல்லது, குற்றம் சுவிட்சிலோ அது அழுந்துவதிலோதான். சுவிட்சை வெளியே எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கரண்ட் போனால் சுவிட்சும் நல்லது, புது புஷ் போட்டபிறகு அது ஒழுங்காக அழுந்துகிற அளவுக்கு உள்ளே திருகி வையுங்கள், அவ்வளவுதான். வயரைத் தொடவைத்தும் எரியாவிட்டால் பல்பு, ஹோல்டர் துரு, எர்த் என்று பின்னாலிருந்து வாருங்கள். வைப்பரும் பிரேக் லைட்டும் வேலை செய்தால் ஃபியூஸைச் சந்தேகப்பட வேண்டாம், அதே பச்சை லைன்தான் அவற்றுக்கும்.

தனி சுவிட்ச் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருநாள் அணைக்க மறந்து திருமயம் ரோட்டில் ராத்திரி போனால், பின்னால் வருகிறவன் கண் கூசி, கார் தன்னை நோக்கி வருகிறது என்று நினைப்பான்.

கேள்வி: நாங்கள் சென்னையில். பள்ளத்தூர் வீடு கல்யாணம், திருவிழாவுக்குத்தான் திறக்கும், ஷெட்டில் பழைய காரும் அப்படியே. எட்டு மாதம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எந்தக் கியரும் விழவில்லை, அணைத்தால் விழுகிறது. கிளட்ச் ஆயில் சரியாக இருக்கிறது.
- வாசகி, சென்னை

பதில்: கிளட்ச் பிளேட் துருவில் ஃப்ளைவீலோடு, அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரத்தோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தால் இது வழக்கம்தான். முதலில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். பின்தெருவில், முன்னால் ஆளோ மாடோ இல்லாத நீளமான இடத்தில், டாப் கியரில் போட்டு, கிளட்சை முழுசாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கார் குதித்து ஓடும், பயப்படாமல் பிரேக்கை அழுத்துங்கள். "டக்" என்று விட்டுக்கொள்ளும். ரெண்டு மூன்று தடவையிலும் விடாவிட்டால் அடம்பிடிக்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, கிளட்ச் பெடலை அமுக்கி சீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடமும் சொல்லிவையுங்கள், அவர் பாட்டுக்கு விறகென்று எடுத்துப் போய்விடப் போகிறார்.